சிக்கனக் குறிப்புகளோடு அளவையும் சேர்த்து அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சுற்றுச்சூழலைக் காக்கத் தனிமனிதர் செய்யக்கூடியவை என்று தங்கள் நாளிதழில் அண்மையில் வெளியான குறிப்புகளை ஒன்றுவிடாமல் படித்தேன். சார்ஜரைக் கழற்றி வைப்பது, துணிப்பை எடுத்துச் செல்வது, விமானப் பயணத்தைக் குறைப்பது, குப்பையைத் தரம் பிரிப்பது, உணவை வீணாக்காமல் இருப்பது என்று எல்லாமே ஒன்றுக்கொன்று ஈடானவை போல ஒரே வரிசையில் இடம்பெற்றிருந்தன. அவற்றில் தவறான அறிவுரை ஒன்றுகூட இல்லை. ஆனால் எதனால் எவ்வளவு குறையும் என்ற விவரம் இல்லாதபோது, படிப்பவர் இருப்பதிலேயே எளிதானதைத் தேர்ந்துகொண்டு, தம் கடமை முடிந்தது என்ற நிறைவோடு நின்றுவிடுகிறார். நானும் பல ஆண்டுகள் அப்படியே இருந்துவிட்டேன் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் சார்ஜரையே எடுத்துக்கொள்வோம். இக்காலத்து நல்ல சார்ஜர் ஒன்று, கைப்பேசி இல்லாமல் வெறுமனே செருகிக் கிடக்கும்போது இழுக்கும் மின்சாரம் 0.1 வாட் அளவுதான். ஆண்டு முழுவதும் இரவும் பகலும் அப்படியே கிடந்தாலும் மொத்தம் ஒரு யூனிட்டைத் தொடாது. ஆனால் ஒரு வாளித் தண்ணீரை, அதாவது 20 லிட்டரை, 20 டிகிரி சூடேற்றுவதற்கே ஏறத்தாழ அரை யூனிட் செலவாகிறது. ஓராண்டு முழுக்க மறக்காமல் சார்ஜரைக் கழற்றி நாம் மிச்சம் பிடிப்பதெல்லாம், மின்சாரத்தில் காய்ச்சிய இரண்டு வாளி வெந்நீரோடு தீர்ந்துவிடுகிறது. அந்த அரை யூனிட்டில் 9 வாட் எல்இடி விளக்கு 50 மணி நேரத்துக்கு மேல் எரியும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், வீட்டு மின்சாரத்தைப் பெரிதும் விழுங்குவது சூடேற்றுவதும் குளிர்விப்பதும்தான் என்பது விளங்கும். விளக்கை அணைக்க மறந்த பிள்ளையைக் கடிந்துகொள்ளும் வீட்டில், யாருமில்லாத அறையில் குளிர்சாதனம் ஓடிக்கொண்டிருப்பதை நாம் பொருட்படுத்துவதில்லை.

துணிப்பையைப் பற்றிச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது. நல்லெண்ணத்தோடு செய்யப்படும் காரியத்தைக் குறை கூறுவதாக யாரும் எண்ணிவிடக் கூடாது. டென்மார்க் நாட்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2018-இல் வெளியிட்ட ஆய்வின்படி, பருவநிலைக்கு ஏற்படும் பாதிப்பை மட்டும் கணக்கிட்டால்கூட, ஒரு பருத்திப் பையை ஐம்பது முறைக்கு மேல் பயன்படுத்தினால்தான் அது கடையில் தரும் நெகிழிப் பைக்கு ஈடாகிறது. நெகிழி தெருவிலும் நீர்நிலையிலும் போய்ச் சேரும் கேட்டை அந்த ஆய்வு கணக்கில் கொள்ளவில்லை. அந்தக் கேடு பெரிது என்பதால் துணிப்பையைக் கைவிடச் சொல்ல மாட்டேன். இதைப் படித்த அன்று எங்கள் வீட்டு அலமாரியைத் திறந்து எண்ணினேன். பதினேழு துணிப்பைகள் இருந்தன. நான்கில் மட்டும் கைப்பிடி நைந்திருந்தது. மற்றவற்றில் கடையில் மடித்த மடிப்புகூடக் கலையவில்லை. விழாக்களிலும் கூட்டங்களிலும் இலவசமாகக் கிடைத்தவை அவை. அந்த நான்கு பைகள்தான் சூழலுக்கு உதவின. மற்ற பதின்மூன்றுக்காகப் பருத்தி விளைவித்த நீரும் உரமும் வீண்.

உணவு விஷயம் இவற்றையெல்லாம்விடக் கனமானது. ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டத்தின் கணக்குப்படி, 2022-இல் மட்டும் உலகில் 105 கோடி டன் உணவு வீணானது. அதில் ஏறத்தாழ அறுபது விழுக்காடு வீடுகளில் வீணானது. வயல் முதல் தட்டு வரை இழக்கப்படும் உணவெல்லாம் சேர்ந்து, உலகின் பசுங்குடில் வாயு உமிழ்வில் எட்டு முதல் பத்து விழுக்காட்டுக்குக் காரணமாகிறது. விளைவிக்கவும் கொண்டுவரவும் குளிரில் வைக்கவும் செலவான ஆற்றல் அனைத்தும் உணவோடு சேர்ந்து குப்பைக்குப் போகிறது என்பது ஒரு பக்கம். குப்பைமேட்டின் அடியில் காற்றுப்படாமல் அது அழுகும்போது மீத்தேன் வெளிவருகிறது என்பது இன்னொரு பக்கம். இருபது ஆண்டுக் கணக்கில் பார்த்தால், கரியமில வாயுவைவிட எண்பது மடங்குக்கு மேல் வெப்பத்தைப் பிடித்துவைக்கும் வாயு அது.

எங்கள் வீட்டில் எவ்வளவு வீணாகிறது என்று அறிய, ஒரு மாதம் சமையலறையில் ஒரு குறிப்பேட்டை வைத்து, கொட்டுவதையெல்லாம் கொட்டும் முன்பு எழுதி வந்தோம். அளவுக்கு மீறிச் சமைப்பதே காரணம் என்று நினைத்திருந்தோம். மாத முடிவில் பார்த்தால், பாதிக்கு மேற்பட்ட வரிகள் குளிர்பெட்டியின் பின்தட்டில் கண்ணில் படாமல் கெட்டுப்போனவை. பழையதை முன்னால் வைத்துப் புதியதைப் பின்னால் தள்ளியதும், ஒரு வாரத்துக்கு வாங்கியதை மூன்று நாளுக்கென்று மாற்றிக்கொண்டதுமே போதுமானதாக இருந்தது. அடுத்த மாதம் அந்தக் குறிப்பேட்டில் ஒரு பக்கம்கூட நிறையவில்லை.

பயணத்தைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை, எண்களே போதும். சுவீடன் நாட்டு லண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-இல் வெளியிட்ட ஒப்பீட்டில், வளர்ந்த நாடுகளில் ஒருவர் சொந்தக் காரின்றி வாழ்ந்தால் ஆண்டுக்கு 2.4 டன், அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்து சென்று திரும்பும் ஒரு விமானப் பயணத்தைத் தவிர்த்தால் 1.6 டன் உமிழ்வு குறைவதாகக் கணக்கிட்டார்கள். ஆண்டு முழுவதும் குப்பையை முறையாக மறுசுழற்சிக்கு அனுப்பினால் குறைவது ஏறத்தாழ 0.2 டன்தான். கைப்பேசியிலும் நிலைமை இதுவே: அதன் வாழ்நாள் உமிழ்வில் பெரும்பங்கு, அது நம் கைக்கு வருவதற்கு முன் தயாரிப்பிலேயே முடிந்துவிடுகிறது. இரண்டு ஆண்டில் மாற்றுவதை நான்கு ஆண்டாகத் தள்ளிப்போடுவதற்கு நிகரான சிக்கனம் அதன் மின்னேற்றத்தில் ஒருபோதும் கிடைக்காது.

தனிமனிதர் மாறி என்ன பயன், ஆலைகளும் அரசுகளும் மாறட்டும் என்ற வாதத்தில் நியாயம் உண்டு. அவை மாறித்தான் ஆக வேண்டும். ஆனால் உலகின் கரிம உமிழ்வில் ஏறத்தாழப் பாதி, வசதி படைத்த பத்தில் ஒரு பங்கினரால் நிகழ்கிறது. நடந்தும் பேருந்திலும் வேலைக்குப் போகிறவரிடம், விமானத்தையே கண்டிராதவரிடம் சிக்கனம் பேசுவது முறையல்ல. தேர்ந்தெடுக்கும் வசதி உள்ள என் போன்றவர்களிடமே கண்டிப்பாகப் பேச வேண்டும். அதற்கு எண்களைவிட ஏற்ற கருவி வேறில்லை.

ஆகவே தங்களிடம் ஒரு வேண்டுகோள். இனி இத்தகைய குறிப்புகளை வெளியிடும்போது, ஒவ்வொன்றின் அருகிலும் அதனால் ஆண்டுக்கு எத்தனை யூனிட் அல்லது எத்தனை கிலோ உமிழ்வு குறையும் என்பதையும் அச்சிடுங்கள். பெரியதை முதலிலும் சிறியதைக் கடைசியிலும் வையுங்கள். சார்ஜர் பற்றிய குறிப்பை நீக்க வேண்டியதில்லை, அது கடைசி வரியாக இருக்கட்டும்.

இங்ஙனம்,
தங்கள் வாசகர்