தறியில் இருப்பவருக்கும் சன்மானம் வேண்டும்: கலைவிழாக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

விழாக் குழுவினருக்கு வணக்கம்.

நான் சுவரோவியம் வரைபவள். போன விழாவில் நுழைவாயிலை ஒட்டிய சுவரை எனக்குக் கொடுத்தீர்கள். மூன்று நாள் வேலை. வண்ணத்துக்குத் தனியாகவும் உழைப்புக்குத் தனியாகவும் பேசி, முன்பணமும் தந்தீர்கள். பலகையில் என் பெயரும் இருந்தது. அதற்கு நன்றி.

எனக்குப் பத்தடி தள்ளி ஓர் அக்கா தறி போட்டு நெய்துகொண்டிருந்தார். அவர் முன்னால் இருந்த அட்டையில் ‘பெண் நெசவாளர், நேரடிச் செயல்விளக்கம்’ என்று மட்டும் எழுதியிருந்தது. பெயர் இல்லை. கடைசி நாள் மாலை பேச்சுவாக்கில் கேட்டபோதுதான் தெரிந்தது, சன்மானமும் இல்லை. துணி விற்க இலவசமாக இடம் கொடுத்திருப்பதே உதவி என்று சொல்லிவிட்டார்களாம். பெண் நெசவாளர்களுக்கு ஆதரவு என்று எல்லாப் பதாகைகளிலும் போட்டுத்தானே விழாவை நடத்தினோம்? அன்றிலிருந்து எனக்கு மனசு ஆறவே இல்லை.

அவர் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். கூட்டத்தில் ஒரு பிள்ளை தறியில் நீளவாக்கில் கட்டியிருந்த பாவு நூலைத் தொட்டு இழுத்ததில் ஓர் இழை அறுந்தது. அக்கா முகம் சுளிக்கவில்லை. குறுக்கு நூலைக் கொண்டு ஓடும் நாடாவை நிறுத்தினார். அறுந்த நுனியைத் தேடி எடுத்து, துண்டு நூலை முடிச்சிட்டு, பாவிழைகளைத் தூக்கி இறக்கும் விழுதின் கண்ணில் நுழைத்து, சீப்புப் போன்ற அச்சின் பல்லிடுக்கில் இழுத்து, நெய்த துணியோடு சேர்த்தார். அந்தப் பிள்ளையையும் கிட்டே கூப்பிட்டுக் காட்டினார். விழாவில் எவ்வளவோ பார்த்தேன், அதைவிட அழகாக ஒன்றைப் பார்க்கவில்லை.

அந்தத் தறி அங்கே வந்து நிற்பதற்குள் நடந்த வேலையை நாம் யாரும் பார்க்கவில்லை. பாவு ஓட்ட வேண்டும், கஞ்சி போட வேண்டும், ஒவ்வோர் இழையாக விழுதிலும் அச்சிலும் கோக்க வேண்டும், குறுக்கு நூலான ஊடைக்குத் தார், அதாவது நாடாவுக்குள் வைக்கும் நூல்சுருள், சுற்ற வேண்டும். தறியைப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி பூட்டுவதும், விழா முடிந்து வீட்டில் திரும்ப நிறுத்துவதும் தனி. அத்தனை நாளும் நெசவு இல்லை. நெசவு இல்லாத நாளில் கூலி இல்லை.

நெசவைக் கலையாக எண்ணாத பழக்கம் புதிதல்ல. 1919-இல் ஜெர்மனியில் தொடங்கிய பௌஹௌஸ் கலைப்பள்ளி, பெண்களுக்கும் சமவாய்ப்பு என்று அறிவித்துவிட்டு, சேர்ந்த பெண்களில் பலரை நெசவுக்கூடத்துக்கே தள்ளியது. ஆனால் அங்கிருந்துதான் நெசவுக் கலைஞர் குந்தா ஷ்டோல்ஸ்ல் வந்தார். இன்னொரு நெசவுக் கலைஞர் ஆனி ஆல்பர்ஸ் வந்தார். 1949-இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் ஆல்பர்ஸின் நெசவுகளுக்கென்றே தனிக் கண்காட்சி வைத்தது. அங்கே அவர் பெயர் சொல்லித்தான் துணியைப் பார்த்தார்கள்.

சரி, நான் கேட்பது இதுதான். பாட வருபவருக்கும் வரைய வருபவருக்கும் எந்தக் கணக்கில் சன்மானம் தருகிறீர்களோ, அதே கணக்கில் நெசவாளருக்கும் தாருங்கள். தறி பூட்டும் நாளையும் பிரிக்கும் நாளையும் சேர்த்துத் தாருங்கள். துணி விற்றால் அந்தப் பணம் அவருடையது, அதை இதில் கழிக்காதீர்கள். அட்டையில் அவர் பெயரைப் போடுங்கள். வீட்டில் தார் சுற்றியது மாமியாரோ மகளோ என்றால் அவர்கள் பெயரையும் போடுங்கள். கடைசி நாளில் கேட்காமலே தள்ளுபடி அறிவிப்பதை விட்டுவிடுங்கள். விலையை நெய்தவர் சொல்லட்டும். அப்புறம், ஒரு புடவையின் வடிவத்தைச் சுவரொட்டிக்கு எடுத்தால் முன்கூட்டியே அவரிடம் கேளுங்கள்.

பணம் போதவில்லை என்றால் என் சுவரைச் சின்னதாக்குங்கள், சன்மானத்தையும் குறையுங்கள். எனக்குச் சம்மதம்.

அடுத்த திட்டக் கூட்டத்துக்கு அந்த அக்காவையும் அழையுங்கள். பகலில் அவர் தறியில் இருப்பார். கூட்டத்தை மாலையில் வையுங்கள்.

அன்புடன்,
போன விழாவில் உங்கள் சுவரில் வரைந்தவள்