நான்கு புள்ளி என்றால் எத்தனை மில்லிகிராம்?

வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு,

உங்கள் நிக்கோட்டின் பவுச்சை, அதாவது நிக்கோட்டின் அடைத்த அந்தக் குட்டிப் பையை, எட்டு மாதமாக உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவில் அடக்கி வைத்திருந்தவன் எழுதுகிறேன். தலைவலி பற்றி நான் அனுப்பிய முதல் கடிதத்துக்கு வந்த பதில் இரண்டே வரி: தண்ணீர் நிறையக் குடியுங்கள், வேறு சுவையை முயன்று பாருங்கள். சுவையிலா கோளாறு? அதனால்தான் இந்த முறை கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

சிகரெட்டை விடத்தான் இதற்கு வந்தேன். முதலில் 3 மில்லிகிராம், அப்புறம் 6. அதுவரை பெரிதாகத் தொந்தரவு இல்லை. பிறகு உங்கள் புது டப்பா வந்தது, அதில் எண்ணே கிடையாது, நான்கு புள்ளிகள் மட்டும். சரி, கொஞ்சம் தூக்கலாக இருக்கும் என்று நினைத்து வைத்தேன். பத்து நிமிடத்தில் விக்கல், குமட்டல், நெற்றிப்பொட்டில் விண்விண் என்று தெறிப்பு, வைத்தபோதெல்லாம் இதே கதை. மூடி, அடிப்பக்கம் எல்லாம் புரட்டிவிட்டுக் கடைசியில் உங்கள் இணையதளத்தில் தேடிப் பார்த்தால் ஒரு பவுச்சுக்கு 16 மில்லிகிராமாம்! புள்ளியை எண்ணி மாத்திரை போடச் சொன்னால் நீங்கள் போடுவீர்களா?

கோபத்தில் ஒரே நாளில் நிறுத்தினேன். அது என் தவறுதான், ஆனால் நிறுத்தினால் என்ன ஆகும் என்று எங்கேயும் நீங்கள் சொல்லவில்லை. ரத்தத்தில் இருக்கும் நிக்கோட்டின் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகிவிடுமாம், அன்று மாலையே தலை பிடித்துக்கொண்டது. இது வேறு வலி. தெறிக்கவில்லை, மண்டையைச் சுற்றிக் கயிறு போட்டு இறுக்குகிற மாதிரி. இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் மோசம், எரிச்சல், தூக்கமில்லை, பக்கத்தில் யார் பேசினாலும் கத்தினேன். வலி மாத்திரையைப் போட்டே காலம் தள்ளினேன்.

கடைசியில் மருத்துவரிடம் போனபோது அவர் முதலில் கேட்டது மாத்திரைக் கணக்கைத்தான். மாதத்தில் 15 நாளுக்கு மேல் போட்டால் மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும் என்றார். ஆக பவுச்சால் ஒரு வலி, அதை விட்டதால் ஒரு வலி, இரண்டுக்கும் போட்ட மாத்திரையால் மூன்றாவது. இப்போது நிக்கோட்டின் பட்டை ஒட்டிக்கொள்கிறேன். அதில் 21, 14, 7 என்று எண் அச்சடித்திருக்கிறது, எத்தனை வாரம் கழித்து எதற்கு இறங்க வேண்டும் என்று உள்ளே ஒரு தாளும் இருக்கிறது. உங்கள் டப்பாவிலோ நிக்கோட்டின் அடிமையாக்கும் என்ற எச்சரிக்கை இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் எப்படி இறங்குவது என்று ஒரு வரி கிடையாது.

இதற்கு நடுவில், நான் விட்ட மூன்றாம் நாள் காலையில், தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது உங்களிடமிருந்து தள்ளுபடி குறுஞ்செய்தி. மாதச் சந்தாவை ரத்து செய்து உறுதி மின்னஞ்சலும் வந்த பிறகு, அடுத்த வாரம் ஐந்து டப்பா பார்சல் வேறு வந்தது, பணமும் பிடித்தாகிவிட்டது.

அந்தப் பணத்தைத் திருப்பித் தாருங்கள். குறுஞ்செய்தியை நிறுத்துங்கள். புள்ளிக்குப் பக்கத்திலேயே, கண்ணுக்குத் தெரியும் அளவில், மில்லிகிராமை அச்சடியுங்கள். தலைவலி வரும் என்பதையும் படிப்படியாகக் குறைக்கும் வழியையும் டப்பாவோடு ஒரு தாளில் போட்டுக் கொடுங்கள்.

பார்சலை நான் பிரிக்கவில்லை. எடுத்துப்போக இந்த வாரமே ஆள் அனுப்புங்கள், அது வீட்டில் இருப்பது எனக்கு நல்லதில்லை.

இப்படிக்கு,
உங்கள் முன்னாள் சந்தாதாரர்