மருத்துவமனை நிர்வாகத்துக்கு: என் அக்காவுக்குச் சத்தமில்லாத ஒரு அறை கொடுங்கள்

மதிப்புக்குரிய நிர்வாகத்தினருக்கும் நரம்பியல் பிரிவு மருத்துவர்களுக்கும்,

அக்காவுக்கு மூளையிலும் தண்டுவடத்திலும் அழற்சி என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, கேஸ் ஷீட் உங்களிடம்தான் இருக்கிறது. நரம்புகளை அமைதிப்படுத்தும் கிளைசின் என்ற ரசாயனம் வந்து சேரும் ஏற்பியைத் தாக்கும் ஆன்டிபாடி இருப்பதாக ரிப்போர்ட்டும் வந்தாகிவிட்டது. அப்படியிருந்தும் இந்த முறையும் லிஃப்டை ஒட்டிய கட்டிலைத்தான் கொடுத்திருக்கிறீர்கள். சத்தமில்லாத அறை வேண்டும் என்று போன தடவையே கேட்டிருந்தோம்.

நேற்று ஊசி போட வந்தவர் சொல்லாமல் கொள்ளாமல் தோளைத் தொட்டார், அவ்வளவுதான். உடம்பு தூக்கிப்போட்டு, தாடை இறுகி, கால்கள் இரண்டும் விறைத்துக்கொண்டன, அது அடங்குவதற்குள் யாரோ கட்டிலின் பக்கக் கம்பியைப் படாரென்று இறக்க, மறுபடியும் முதலிலிருந்து. மூச்சு முட்டியது. நினைவு மட்டும் தப்பவே இல்லை, வலி மொத்தத்தையும் முழித்திருந்தே அனுபவித்தாள். மற்றவர்களுக்கு ஒரே சத்தம் நாலைந்து தடவை கேட்டால் பழகிவிடும். இவளுக்குப் பழகாது, ஏனென்றால் தண்டுவடத்தில் நரம்புகளின் துடிப்பை அடக்க வேண்டிய கிளைசினின் வேலையே தடைபட்டிருக்கிறது. இதே போல உடம்பு விறைக்கும் டெட்டனஸ் நோயாளியை வெளிச்சமும் சத்தமும் இல்லாத அறையில் வைக்க வேண்டும் என்பது நீங்கள் படித்த பாடம்தானே? இவளுக்கு மட்டும் ஏன் லிஃப்ட் வாசல்?

வார்டு சுவரில் ‘அமைதி காக்கவும்’ என்று பெரிதாக எழுதியிருக்கிறது. அதற்கு நேர் கீழேதான் டிராலி வந்து இடிக்கிறது. பார்வையாளர்கள் மட்டும் படிப்பதற்காக எழுதியது போலிருக்கிறது!

ரவுண்ட்ஸில் ஒருவர் சிரித்துக்கொண்டே “பயந்த சுபாவம்” என்றார். இந்த ஆன்டிபாடியைப் பற்றி 2008-லேயே எழுதிவிட்டார்கள், இன்னமும் திடுக்கிட்டால் பயம், விறைத்தால் நடிப்பு, அதுவும் பெண்ணாக இருந்துவிட்டால் நேராக மனநலப் பிரிவுக்கு ஒரு சீட்டு. இந்தப் பேச்சை எடுத்தால் நிறுத்த மாட்டேன், சரி விடுங்கள்.

ஸ்டீராய்டும் இம்யூனோகுளோபுலினும் தாமதிக்காமல் தொடங்கினீர்கள், அதற்கு மனமார்ந்த நன்றி. ஆனால் மருந்து பிடிக்க நாளாகும், அதுவரை ஒவ்வொரு கதவுச் சத்தத்துக்கும் அவள் துடிக்க வேண்டுமா? தயவுசெய்து ஓரமாக, சத்தமில்லாத ஒரு அறை கொடுங்கள். தொடுவதற்கு முன் பெயரைச் சொல்லி, “தொடப்போகிறேன்” என்று ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்கள். தலைமாட்டில் ஒட்ட வேண்டிய அட்டையை நானே எழுதித் தருகிறேன். அடுத்த டோஸ் ஏற்றுவதற்கு முன் அறையை மாற்றிக் கொடுத்தால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
நோயாளியின் தங்கை