கீரையை நிறுத்தச் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழ் மருத்துவப் பக்கத்தில், மாத்திரை சாப்பிடுகிறவர்கள் விலக்க வேண்டியவை என்று ஒரு பட்டியல் வெளியாகியிருந்தது. கீரை, பால், இளநீர், பம்பளிமாஸ், மீன் எல்லாம் ஒரே வரிசையில். எந்த மாத்திரைக்கு எது ஆகாது, ஏன் ஆகாது, எத்தனை மணி நேரத்துக்கு ஆகாது என்பது மட்டும் அதில் இல்லை. செட்டிநாட்டு ஊர்களில் பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்க, வயதான ஐயாவும் ஆச்சியும் தாங்களே மாத்திரைப் பெட்டியைப் பார்த்துக்கொள்ளும் வீடுகள் அதிகம். அச்சில் வந்ததை அவர்கள் அப்படியே கடைப்பிடிப்பார்கள். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

கீரையை எடுத்துக்கொள்வோம். இதய வால்வு மாற்றியவர்களுக்கும், இதயத் துடிப்பு ஒழுங்கில்லாதவர்களில் பலருக்கும் ரத்தம் உறையாமலிருக்க அசினோகூமரால் அல்லது வார்ஃபரின் கொடுக்கிறார்கள். உறைவதற்கான சில புரதங்களைக் கல்லீரல் செய்து முடிக்க வைட்டமின் கே வேண்டும். அந்த வேலையைத்தான் இந்த மாத்திரை மட்டுப்படுத்துகிறது. முருங்கைக்கீரை, அரைக்கீரை, பசலை எல்லாவற்றிலும் வைட்டமின் கே நிறைய உண்டு. ஆகவே திடீரென்று கீரை கூடினால் மருந்தின் வேகம் குறையும். இதுவரை உங்கள் பட்டியல் சரிதான்.

ஆனால் மாத்திரையின் அளவை டாக்டர் நிர்ணயித்தது, அந்த மனிதர் வழக்கமாக என்ன சாப்பிடுகிறாரோ அதன் மேல்தான். வாரம் மூன்று நாள் கீரை சாப்பிட்டு வந்தவர் பட்டியலைப் பார்த்து அடியோடு நிறுத்தினால், நேற்றுவரை சரியாக இருந்த அதே மாத்திரை அவருக்கு மிகையாகிவிடும். பல் ஈறில் ரத்தம் கசியும், சிறுநீர் சிவக்கும், லேசாக இடித்துக்கொண்டாலும் தோல் கன்றிப்போகும். இரண்டு மாதம் கழித்து ஆசைப்பட்டு மறுபடி தொடங்கினால் ஆட்டம் எதிர்ப்பக்கம் போகும்; வால்வில் ரத்தம் உறைந்து கட்டியாகும் அபாயம். ரத்தம் எவ்வளவு தாமதமாக உறைகிறது என்று காட்டும் பரிசோதனை எண்ணான ஐ.என்.ஆர். பெரும்பாலோருக்கு 2 முதல் 3 வரை இருக்க வேண்டும், இதயத்தின் மைட்ரல் என்னும் வால்வின் இடத்தில் உலோக வால்வு வைத்தவர்களுக்கு 2.5 முதல் 3.5 வரை. அதை அங்கே நிறுத்தி வைப்பது, கீரை வாராவாரம் ஏறக்குறைய ஒரே அளவில் இருப்பதுதான். கொத்தமல்லி, புதினாத் துவையலையும் கீரைக் கணக்கில் சேர்க்க வேண்டும். கைப்பிடி கைப்பிடியாக அரைக்கிறோம். மகள் வீட்டில் ஒரு மாதம் தங்கினாலோ, வயிற்றுப்போக்கு வந்தாலோ, வேறு நோய்க்கு ஆன்டிபயாடிக் தொடங்கினாலோ, அடுத்த பரிசோதனைத் தேதிக்குக் காத்திராமல் ஒரு வாரத்துக்குள் ஐ.என்.ஆர். பார்த்துவிட வேண்டும். கீரையைவிட எனக்குக் கவலை, டாக்டருக்குத் தெரியாமல் வாங்கும் மல்டிவைட்டமின், மீன் எண்ணெய், பூண்டு கேப்சூல், மூட்டுவலி மாத்திரை ஆகியவைதான்.

பால் விஷயத்தில் விலக்க வேண்டியதில்லை, தள்ளி வைத்தால் போதும். சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் பாலிலும் தயிரிலும் உள்ள கால்சியத்தோடு ஒட்டிக்கொண்டு, ரத்தத்தில் ஏறாமலே மலத்தோடு போய்விடும். ஒரு டம்ளர் பாலை மட்டும் குடித்து அதனோடு விழுங்குவது தவறு; முழுச் சாப்பாட்டில் மோரும் ஒன்றாக இருந்தால் பாதகமில்லை. கால்சியம், இரும்புச்சத்து, வயிற்றெரிச்சலுக்கான ஜெல் ஆகியவற்றுக்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் பின்போ இதைப் போட வேண்டும். கர்ப்பிணிகளுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் சிவப்பு இரும்புச்சத்து மாத்திரையையும் கால்சியம் மாத்திரையையும் ஒன்றாக விழுங்குவது இன்னும் நடக்கிறது. கால்சியம் சாப்பாட்டோடு; இரும்பு அதற்கு 2 மணி நேரம் தள்ளி, காபி டீ இல்லாமல், முடிந்தால் எலுமிச்சைச் சாறோடு. மலம் கறுப்பது இயல்பு, அதற்குப் பயந்து நிறுத்தக் கூடாது.

தைராய்டு மாத்திரைக்கு எதிரி விடியற்காலைக் காபி. வெறும் தண்ணீரில் விழுங்கி அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை காபி கூடாது. கால்சியம், இரும்பு என்றால் 4 மணி நேரம். எழுந்ததும் காபி இல்லாமல் முடியாது என்பவர்கள் டாக்டரைக் கேட்டு, இரவுச் சாப்பாடு முடிந்து 3 மணி நேரம் கழித்துப் படுக்கும்போது போட்டுக்கொள்ளலாம். முடி கொட்டுவதற்கு பயோட்டின் சாப்பிடுகிறவர்கள் ரத்தம் கொடுப்பதற்கு 2 நாளாவது முன்னால் அதை நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் சில ஆய்வுக்கூட முறைகளில், தைராய்டு மாத்திரையின் அளவை முடிவுசெய்ய உதவும் டி.எஸ்.எச். பொய்யாகக் குறைந்து காட்டும், அதை நம்பி மாத்திரையைக் குறைத்துவிடுவார்கள்.

இடைவெளி விட்டாலும் பயனில்லாதது பம்பளிமாஸ். அதிலும் அதன் உறவான கிரேப்ஃப்ரூட்டிலும் உள்ள ஒரு பொருள், குடல் சுவரில் மருந்தைச் சிதைக்கும் நொதியை முடக்கிவிடுகிறது. புது நொதி ஊறி வர ஒன்றிரண்டு நாளுக்கு மேல் ஆகும் என்பதால், காலையில் பழம் இரவில் மாத்திரை என்று பிரித்தாலும் தப்ப முடியாது. கொழுப்புக்கான சிம்வாஸ்டாடின், அடோர்வாஸ்டாடின் சாப்பிடுகிறவர்களுக்குத் தசைவலி வரலாம். மாற்றுச் சிறுநீரகத்துக்காக டாக்ரோலிமஸ் எடுப்பவர்கள் தொடவே கூடாது. கொழுப்புக்கான இன்னொரு மாத்திரையான ரோசுவாஸ்டாடின் அந்த நொதியை நம்பி இல்லை, ஆகவே பயமில்லை.

இளநீரை எல்லோருக்கும் தடுத்தது அநியாயம். சிறுநீரகம் தளர்ந்தவர், அல்லது ரத்த அழுத்தத்துக்கான டெல்மிசார்டன், எனலாப்ரில் போன்றவற்றோடு பொட்டாசியத்தை உடலில் தேக்கும் ஸ்பைரனோலாக்டோனும் சேர்த்து எடுப்பவர், இளநீரிலுள்ள பொட்டாசியம் ரத்தத்தில் ஏறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சிறுநீரகம் நன்றாக இருக்கும் சாதாரண ரத்த அழுத்தக்காரருக்குச் சித்திரை வெயிலில் ஓர் இளநீர் ஒன்றும் செய்யாது. முதலில் சொன்னவர்கள் உண்மையில் அஞ்ச வேண்டியது கடையில் விற்கும் ‘சோடியம் குறைந்த’ உப்புக்குத்தான். அதில் ஒரு பங்கு பொட்டாசியம் குளோரைடு. இருமலுக்குத் தினமும் அதிமதுரம் அடக்கிக்கொள்வது இதற்கு நேர்மாறு: பொட்டாசியத்தை இறக்கி, அழுத்தத்தை ஏற்றும்.

மீனைப் பொறுத்தவரை, ஐசோனியசிட் சாப்பிடும் காசநோயாளிகள் மட்டும் கவனிக்கட்டும். தொண்டியிலிருந்து வரும் சூரை, அயிலை மீன்கள் ஐஸ் போதாமல் கிடந்தால் ஒவ்வாமை போன்ற தொல்லைகளைத் தரும் ஹிஸ்டமின் ஊறிவிடும். அதைச் சிதைக்கும் நொதியை இந்த மருந்து தடுக்கிறது. முகம் சிவந்து, தலை வலித்து, நெஞ்சு படபடக்கும். மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்று அவர்களாகவே சிகிச்சையை விட்டுவிடுவதுதான் இதில் பெரிய கேடு.

உங்கள் பட்டியலில் இல்லாத இரண்டைச் சொல்லியாக வேண்டும். ஒன்று மிளகு. ஜம்முவிலுள்ள, மத்திய அரசின் அறிவியல் ஆராய்ச்சி அமைப்பான சி.எஸ்.ஐ.ஆர். ஆய்வுக்கூடத்தார், மிளகிலுள்ள பைப்பரினை 10 மில்லிகிராம் சேர்த்தால் காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின் 450 மில்லிகிராமுக்குப் பதில் 200 மில்லிகிராம் போதும் என்று கண்டு, அதை மருந்தாகவே கொண்டுவந்தார்கள். வலிப்புக்கான ஃபெனிட்டாயினின் அளவையும் பைப்பரின் உயர்த்தும். அந்த மருந்தில் போதுமானதற்கும் மிகையானதற்கும் இடையே இடம் குறைவு. மிளகு வறுவலும் ரசமும் நெடுநாள் வழக்கமாக இருந்தால் டோஸ் அதற்கேற்பவே அமைந்திருக்கும். புதிதாகத் தினசரி மிளகுக் கஷாயமோ, பைப்பரின் சேர்த்த மஞ்சள் கேப்சூலோ தொடங்கினால் தள்ளாட்டம், பேச்சுக் குழறல் வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

மற்றது பானகம். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிறவர்களில் சர்க்கரை நோயாளிகள் பலர். சர்க்கரையை இறக்கும் கிளிமெபிரைடு உள்ள மாத்திரையைப் போட்டுவிட்டு, அன்னதானப் பந்தல் தள்ளிப்போனால் சர்க்கரை இறங்கி வியர்த்து நடுங்கும். உடனே கையில் பானகத்தைக் கொடுப்பார்கள். அவர் மாத்திரையில் வோக்ளிபோஸோ அகார்போஸோ சேர்ந்திருந்தால் வெல்லமும் சீனியும் குடலில் உடையாமல் நிற்கும், சர்க்கரை நேரத்துக்கு ஏறாது. அவருக்கு வேண்டியது குளுக்கோஸ் பவுடர், 3 தேக்கரண்டி, தண்ணீரில் கரைத்து. 15 நிமிடத்தில் தெளியாவிட்டால் இன்னொரு முறை, தெளிந்ததும் சாப்பாடு. கிளிமெபிரைடின் வேகம் நாள் முழுதும் இருப்பதால் மறுபடி இறங்கலாம், தனியே நடக்க விடக் கூடாது. நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழைக்க வேண்டும். யாத்திரை நாட்களுக்கு மாத்திரையைக் குறைக்கலாமா என்பதைக் கிளம்புவதற்கு முன்பே டாக்டரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

அடுத்த இதழிலேயே கீரை பற்றிய வரிக்கு மட்டுமாவது ஒரு திருத்தம் வெளியிட வேண்டுகிறேன். இதற்குள் கீரையை நிறுத்திவிட்டவர்கள், பழையபடி சாப்பிடத் தொடங்கும் முன் ஐ.என்.ஆர். பார்த்து டாக்டரிடம் சொல்ல வேண்டும் என்பதையும் சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு மருந்தாளுநர்,
காரைக்குடி