பள்ளி அரங்கை மாலை நேர நடனப் பயிற்சிக்குத் திறந்துவிடக் கோரும் மனு

அனுப்புநர்:
நடனம் பயிலும் பிள்ளைகளின் பெற்றோரும் அக்கம்பக்கத்தாரும்

பெறுநர்:
மாவட்டக் கல்வி அலுவலர் அவர்கள்

பொருள்: கட்டணம் கட்ட வழியில்லாத பிள்ளைகளின் நடனப் பயிற்சிக்கு அரசுப் பள்ளி அரங்கை மாலையில் வழங்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மா,

வணக்கம். எங்களிடம் 17 பிள்ளைகள் பரதமும், பாலே எனும் மேலைநாட்டு நடனமும் கற்கிறார்கள். வெளியே போய்க் கட்டணம் கட்டிப் படிக்க வைக்கும் வசதி ஒரு வீட்டிலும் இல்லை. ஆனாலும் பணம் கேட்டு இந்த மனுவை எழுதவில்லை. எங்களுக்கு வேண்டியது தரை.

மற்றதையெல்லாம் ஒருவழியாகச் சமாளித்துவிட்டோம். இரண்டு ஆசிரியைகள் சம்பளம் வாங்காமல் வந்து சொல்லித்தருகிறார்கள். உடை தைக்கத் தையல் தெரிந்த ஓர் அம்மா இருக்கிறார். காலணிக்கு ஒரு பழைய டிரங்குப் பெட்டி வைத்திருக்கிறோம். பாதம் வளர்ந்துவிட்டால் காலணியைக் கழற்றி அதில் போட்டுவிட வேண்டும். அதில் ஒரு ஜோடியின் உட்புறத்தில் பேனாவால் நான்கு பெயர்கள் எழுதியிருக்கின்றன. மூன்று பெயர்கள் அடிக்கப்பட்டுவிட்டன. நான்காவது பெயர்க்காரி நுனியில் பஞ்சு அடைத்துப் போட்டுக்கொள்கிறாள். விரல்நுனியில் நின்று ஆடும் பாலே காலணியை மட்டும் இப்படிக் கைமாற்றுவதில்லை. அது ஒருத்தியின் பாதத்துக்குப் படிந்துபோனது, இன்னொருத்தி போட்டால் கால் பிசகிவிடும். அதற்கென்று தனியாக ஓர் உண்டியல் இருக்கிறது, மெதுவாகத்தான் நிரம்புகிறது.

தரைக்குத்தான் எங்களிடம் வழியில்லை. இப்போது வண்டி நிறுத்துமிடத்தின் சிமெண்ட் தரையில் ஆடுகிறார்கள். பரதத்தில் பாதத்தைத் தரையில் தட்டி ஆடும் தட்டடவு போட்டாலும் சரி, பாலேயில் குதித்து இறங்கினாலும் சரி, சிமெண்ட் துளியும் அசைந்துகொடுக்காது. அந்த அதிர்ச்சி முழுவதும் கணுக்காலுக்கும் முழங்காலுக்கும் ஏறுகிறது. முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பு வலிக்கிறது என்று சென்ற மாதம் இரண்டு பிள்ளைகள் உட்கார்ந்துவிட்டார்கள். பயந்துபோன ஆசிரியை, குதிக்கும் பாடங்களையே நிறுத்திவிட்டார். குதிக்காமல் எத்தனை நாளைக்கு ஆடுவது? அப்புறம், வேலை முடிந்து வண்டிகள் வரத் தொடங்கியதும் வகுப்பு பாதியில் கலைந்துவிடும்.

பள்ளி அரங்கின் மேடை பலகையால் ஆனது. அடியில் வெற்றிடம் இருப்பதால் மிதித்தால் லேசாக அமுங்கி எழும். நடனத்துக்கு அப்படிப்பட்ட தரைதான் வேண்டும். பள்ளி விட்டபின் அது பூட்டியே கிடக்கிறது.

இதை ஏற்கெனவே ஓர் அலுவலகத்தில் கேட்டுப் பார்த்தோம். நடனம் பாடத்திட்டத்தில் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். கலை வாழ்வில் முழுமையாகப் பங்கேற்பது குழந்தையின் உரிமை என்று ஐ.நா.வின் 1989ஆம் ஆண்டுக் குழந்தை உரிமை உடன்படிக்கை, 31ஆம் பிரிவில் சொல்கிறது. சரி, சட்டத்தை விடுவோம். மிஸ்டி கோப்லண்ட் 13 வயதில் பாலே கற்கத் தொடங்கியது ஒரு சிறுவர் மன்றத்தின் கூடைப்பந்துத் தளத்தில். 2015இல் அவர் அமெரிக்கன் பாலே தியேட்டர் என்ற பெரிய நடனக் குழுவின் முதன்மை நடனக் கலைஞரானார். அங்கே அந்த இடத்துக்கு வந்த முதல் கறுப்பினப் பெண் அவர். லாரி ஓட்டுநரின் மகனாகப் பிறந்து உலகப் புகழ்பெற்ற பாலே கலைஞரான கார்லோஸ் அகோஸ்டாவை வளர்த்துவிட்டது கியூப அரசின் இலவசப் பயிற்சி. எங்கள் பிள்ளைகளில் யார் அந்த உயரத்துக்குப் போவார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. யாருமே போகாவிட்டாலும் முழங்கால் கெடாமல் ஆடட்டும் என்றுதான் கேட்கிறோம்.

திங்கள், புதன், வெள்ளி ஆகிய நாட்களில் மாலை 5 முதல் 7 மணிவரை அரங்கைப் பயன்படுத்த அனுமதி வேண்டும். பெரியவர்கள் இருவர் எப்போதும் உடனிருப்பார்கள். மின்கட்டணத்தில் எங்கள் பங்கைச் செலுத்துகிறோம், பெருக்கிப் பூட்டிச் சாவியைக் காவலரிடம் ஒப்படைக்கிறோம். தேர்வு நாட்களிலும் பள்ளி விழா நாட்களிலும் வர மாட்டோம். ஏதாவது உடைந்தால் நாங்களே சரிசெய்து தருவோம் என்று எழுதிக் கையெழுத்திட்ட உறுதிமொழியை இணைத்திருக்கிறோம். முதலில் மூன்று மாதத்துக்கு மட்டும் கொடுத்துப் பார்த்தாலும் போதும்.

அதற்கு முன் ஒரு மாலை தாங்கள் நேரில் வந்து அந்தச் சிமெண்ட் தரையைப் பார்க்க வேண்டுகிறோம். 6 மணிக்குள் வந்தால் நல்லது. அதற்குமேல் வண்டிகள் வந்துவிடும்.

இப்படிக்கு,
பெற்றோரும் அக்கம்பக்கத்தாரும்
(கையெழுத்துகள் தனித்தாளில்)