மன்னிப்பைப் பாதியில் நிறுத்தாதீர்கள்: சபை மேய்ப்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

மரியாதைக்குரிய போதகர்களுக்கும் குருக்களுக்கும், பிரசங்க பீடத்தில் நின்று பேசும் எல்லா ஊழியர்களுக்கும்,

கிறிஸ்துவின் நாமத்தில் தோத்திரம்.

நான் ஒரு விசுவாசி. சிலுவையினால் பாவத்துக்கு மன்னிப்பு உண்டு என்று நம்புகிறேன். நம்பாதவர்கள் மத்தியிலும் அதை மறைக்காமல் பேசுகிறேன். அப்படிப் பேசும்போதெல்லாம் ஒரு கேள்வி வந்து நிற்கிறது: "எப்பேர்ப்பட்ட கொடுமை செய்தவனும் முழங்காலில் நின்று அழுதால் உங்கள் கடவுள் மன்னித்துவிடுகிறார். அடிபட்டவனை ஒரு வார்த்தை கேட்டீர்களா? அவனுக்குப் பதிலாக மன்னிக்க உங்கள் கடவுளுக்கு யார் அதிகாரம் கொடுத்தது?"

இப்படிக் கேட்பவர்களை உங்களில் பலர் பரியாசக்காரர் என்று ஒதுக்கிவிடுகிறீர்கள். எனக்கு அவர்கள் நீதியின்மேல் பசிதாகம் உள்ளவர்களாகவே தெரிகிறார்கள். அவர்களுக்குச் சொல்ல நம்மிடம் நல்ல பதில் இருக்கிறது. ஆனால் அதில் பாதியை நீங்கள் பீடத்திலிருந்து சொல்வதே இல்லை. அந்தப் பாதி இல்லாமல் மற்றப் பாதியை என்னால் யார் முன்னும் காப்பாற்ற முடியவில்லை.

51ஆம் சங்கீதத்திலிருந்து தொடங்குகிறேன். "தேவரீர் ஒருவருக்கே விரோதமாக நான் பாவஞ்செய்து" என்கிறான் தாவீது ராஜா. அப்படியானால் அவனுடைய படைவீரன் உரியா எங்கே? அவன் மனைவியை எடுத்துக்கொண்டு, அவனைக் கொல்லும்படி படைத்தலைவன் யோவாபுக்குக் கடிதம் எழுதி, அந்தக் கடிதத்தை அவன் கையிலேயே கொடுத்தனுப்பினவன், செத்தவன் பெயரைக்கூடச் சொல்லாமல் "தேவரீர் ஒருவருக்கே" என்று எப்படி ஜெபிக்கலாம்? யாராவது இப்படிக் கேட்டால் கோபப்படாதீர்கள். 2 சாமுவேல் 12ஆம் அதிகாரத்தைத் திறந்து அவர் கையில் கொடுங்கள்.

அங்கே நாத்தான் தீர்க்கதரிசி ஓர் ஏழையின் கதையோடு தாவீதிடம் வருகிறான். அவனிடம் இருந்தது ஒரே ஒரு ஆட்டுக்குட்டி. அது அவன் அப்பத்தைத் தின்றது, அவன் பாத்திரத்தில் குடித்தது, அவன் மடியில் படுத்துக்கொண்டது, அவனுக்கு மகளைப்போல இருந்தது. ஒரு பணக்காரன் அதைப் பிடித்துத் தன் விருந்தாளிக்குச் சமைத்துவிட்டான். கேட்ட தாவீதுக்குக் கோபம் மூளுகிறது. நாலத்தனை (நான்கு மடங்கு) திரும்பக் கொடுக்கவேண்டும் என்று அவன் வாயே தீர்ப்புச் சொல்கிறது. "நீயே அந்த மனுஷன்" என்கிறான் நாத்தான். அடுத்த மூச்சில் உரியாவின் பெயர் வருகிறது. தாவீதின் ஜெபத்தில் இல்லாத பெயரைக் கர்த்தர் சொல்கிறார். உரியாவுக்கு நடந்ததைத் தமக்கே நடந்ததாக எடுத்துக்கொள்கிறார். அவருக்கு மன்னிக்கும் அதிகாரம் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்குப் பதிலும் இதுதான். படைத்தவர் என்ற முறையில் ஒவ்வொரு அநியாயத்திலும் அடிபட்டவரோடு அவரும் அடிபடுகிறார். அதனால் தம்முடைய வழக்கை அவர் தள்ளுபடி செய்யலாம். அடிபட்டவருடைய வழக்கும் அதோடு முடிந்துவிட்டது என்று அவர் எங்கும் சொல்லவில்லை. "கர்த்தர் உன் பாவம் நீங்கச்செய்தார்" என்ற அதே அதிகாரத்தில்தான் பட்டயம் (வாள்) உன் வீட்டைவிட்டு விலகாது என்பதும் இருக்கிறது. (அந்த அதிகாரத்தில் சாகிற தாவீதின் குழந்தையைப் பற்றி எனக்கு இன்னும் சமாதானம் இல்லை. அதை ஒரு வரியில் விளக்கி முடிக்கும் பிரசங்கங்கள் எனக்கு உதவவில்லை.)

இது பழைய ஏற்பாட்டின் ஓர் ஓரத்தில் கிடக்கும் செய்தி என்று யாரும் சொல்ல முடியாது. லேவியராகமம் 6இல், அயலானை ஏமாற்றினவன் முதலைத் திருப்பிக் கொடுத்து, அதனோடு ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டி, உடையவன் கையிலேயே சேர்க்கவேண்டும். ஆட்டுக்கடாவோடு ஆசாரியனிடம் போவது அதற்குப் பிறகுதான். சுமார் கி.பி. 200இல் தொகுக்கப்பட்ட யூதர்களின் சட்டநூலான மிஷ்னாவும் இதையே சொல்கிறது: மனிதன் கடவுளுக்கு விரோதமாகச் செய்ததைப் பாவநிவாரண நாள் தீர்க்கும், சக மனிதனுக்குச் செய்ததை, அவனைச் சமாதானப்படுத்தும்வரை தீர்க்காது. நம் ஆண்டவரும் மலைப்பிரசங்கத்தில், பலிபீடத்தின் முன் காணிக்கையை வைத்துவிட்டுப் போய், "முன்பு உன் சகோதரனோடே ஒப்புரவாகி, பின்பு வந்து" செலுத்து என்றார். வரி வசூலிப்பவனான சகேயு, அநியாயமாக வாங்கினதை நாலத்தனையாகத் திரும்பக் கொடுக்கிறேன் என்று எழுந்து நின்ற பிறகே "இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது" என்ற வார்த்தை வருகிறது. கொடுத்து இரட்சிப்பை வாங்கினான் என்று நான் சொல்லவில்லை. கிருபை அவன் வீட்டு வாசலுக்குத் தானாகவே வந்தது. வந்த கிருபை அவன் பணப்பெட்டியையும் திறந்தது.

இனி நான் கண்ணால் கண்டது ஒன்று. ஓர் ஆராதனையில் சாட்சி நேரம். ஐம்பது வயதைத் தாண்டின ஒரு சகோதரர் மைக்கைப் பிடித்து, தம்பியை ஏமாற்றித் தகப்பன் வீட்டைத் தன் பெயருக்கு எழுதி வாங்கினதைச் சொல்லி அழுதார். "என் பாவங்களைக் கர்த்தர் சமுத்திரத்தின் ஆழத்தில் போட்டுவிட்டார்" என்றார். சபை கைதட்டி அல்லேலூயா சொன்னது. தம்பியின் மனைவி கடைசி வரிசையில், வாசல் பக்கம் உட்கார்ந்திருந்தார். பாட்டுப் புத்தகத்தின் ஓரத்தை நகத்தால் கீறிக்கொண்டே இருந்தார், தலையை நிமிர்த்தவில்லை. வீட்டைத் திருப்பிக் கொடுக்கப் போகிறீர்களா என்று அந்தச் சகோதரரிடம் ஒருவரும் கேட்கவில்லை. ஆராதனை முடிந்ததும் போதகர் அந்த அம்மாவிடம் போய், "நீங்களும் மன்னிச்சு விட்டுருங்கம்மா, கசப்பை வச்சுக்காதீங்க" என்றார். வீட்டை எடுத்தவருக்குக் கைதட்டல், இழந்தவருக்குப் புத்திமதி. நம்பாதவர் ஒருவர் அன்று என் பக்கத்தில் இருந்து, இதுதானா உங்கள் சுவிசேஷம் என்று கேட்டிருந்தால், இல்லை என்றுதான் நான் சொல்லியிருக்க வேண்டும்.

இப்படிப்பட்ட நேரங்களில் உங்கள் வாயில் தவறாமல் வருவது, "ஏழெழுபதுதரம்" மன்னிக்கச் சொன்ன ஆண்டவரின் வார்த்தை. மத்தேயு 18, 22ஆம் வசனம். அந்த அதிகாரத்தை முதலிலிருந்து வாசியுங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். சிறியரில் ஒருவனுக்கு இடறல் உண்டாக்குகிறவன் கழுத்தில் ஏந்திரக்கல்லை (மாவரைக்கும் கல்லை) கட்டிக் கடலில் அமிழ்த்துவது அவனுக்கு நலம் என்பது 6ஆம் வசனம். தீங்கு செய்த சகோதரனிடம் தனியாகப் போய் அவன் குற்றத்தை உணர்த்து, கேட்காவிட்டால் இரண்டொருவரைக் கூட்டிக்கொண்டு போ, அதற்கும் கேட்காவிட்டால் சபைக்குத் தெரியப்படுத்து, சபைக்கும் கேட்காவிட்டால் அவனை வெளியாளாக எண்ணு என்பது 15 முதல் 17 வரை. இத்தனைக்கும் பிறகுதான் பேதுரு எத்தனை தரம் மன்னிக்கவேண்டும் என்று கேட்கிறான். குற்றத்தைக் குற்றம் என்று சொல்லி, கேட்க வைத்து, சாட்சிகளோடு நிறுத்தின பிறகு வருகிற மன்னிப்பு அது. லூக்கா 17:3இலும் அதே வரிசைதான்: கடிந்துகொள், அவன் மனஸ்தாபப்பட்டால் மன்னிப்பாயாக.

அந்த 6ஆம் வசனத்தை விட்டுவிட்டு 22ஐ மட்டும் வைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதை உலகம் பார்த்துவிட்டது. பிள்ளைகளைச் சீரழித்த கத்தோலிக்கக் குருக்கள் ஊர் ஊராக மாற்றப்பட்டது 2002இல் அமெரிக்காவின் பாஸ்டனில் வெளியே வந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் அங்கிருந்த கர்தினால் பதவி விலகினார். குற்றம் செய்தவருக்கு இன்னொரு வாய்ப்பு கிடைத்தது. பிள்ளைகளுக்குக் கிடைத்தது மௌனம். இதைக் கத்தோலிக்கரை மட்டும் குறிவைத்துச் சொல்லவில்லை. அடிக்கிற கணவனிடமே திரும்பிப் போகச் சொல்லி மனைவிக்கு ஏழெழுபதை எண்ணிக் காட்டுகிற போதகர்கள் எல்லாச் சபைப் பிரிவிலும் இருக்கிறார்கள். மன்னிப்பது வேறு, அவன் கை எட்டும் தூரத்தில் போய் நிற்பது வேறு. இதைப் பீடத்திலிருந்து, அந்தப் பெண்ணின் காதில் விழும்படி, அவள் கணவன் காதிலும் விழும்படி சொல்லுங்கள்.

அப்படியானால் மன்னிப்பே வேண்டாமா? வேண்டும். அதன் மகிமையை நான் நம்புகிறேன். 2015 ஜூன் 17 அன்று அமெரிக்காவில் சார்ல்ஸ்டன் நகரத்து இம்மானுவேல் ஆலயத்தில் வேதபாடத்துக்கு உட்கார்ந்திருந்தவர்களில் ஒன்பது பேரை, அவர்களோடு உட்கார்ந்திருந்த ஓர் இளைஞன் சுட்டுக் கொன்றான். இரண்டு நாள் கழித்து நீதிமன்றத்தில் கொல்லப்பட்டவர்களின் உறவினர்கள் பேசினார்கள். ஒரு மகள், இனி அம்மாவோடு பேசவே முடியாது, அம்மாவை அணைக்கவே முடியாது என்று அழுதபடி சொன்னார். அதைச் சொல்லிவிட்டுத்தான் உன்னை மன்னிக்கிறேன் என்றார். தனக்கு நேர்ந்த இழப்பை அவர் குறைத்துச் சொல்லவில்லை. எல்லா உறவினராலும் அன்றைக்கு அப்படிச் சொல்ல முடியவும் இல்லை. அவர்களுடைய விசுவாசத்தை அளக்க நாம் யார்? நீதிமன்றமும் தன் வேலையை நிறுத்தவில்லை. 2017 ஜனவரியில் தண்டனைத் தீர்ப்பு வந்தது. இந்த மன்னிப்பை யாரும் அவர்களிடம் கேட்டு வாங்கவில்லை. அதனால்தான் கேட்டவர்கள் வாயடைத்துப் போனார்கள்.

இரத்தம் சிந்தாமல் கடவுள் மன்னித்திருக்கக் கூடாதா என்பது அடுத்த கேள்வி. குற்றமற்றவனின் இரத்தத்தைக் கேட்பது கொடுமையல்லவா என்று 12ஆம் நூற்றாண்டிலேயே பீட்டர் அபெலார்டு கேட்டிருக்கிறார், அவர் விசுவாசிதான். கோபமுள்ள நீதிபதி ஒருவர் குற்றவாளிக்குப் பதிலாகத் தன் மகனை அடித்து ஆத்திரம் தீர்த்துக்கொண்ட கதையாக நீங்கள் சிலுவையைச் சொல்லும்போது அந்தக் கேள்வி நியாயமாகிவிடுகிறது. தயவுசெய்து அந்த உவமையை விட்டுவிடுங்கள். மத்தேயு 18இல் ஆண்டவர் சொன்ன கடன் உவமையில், ராஜா தன் வேலைக்காரனுக்குத் தள்ளுபடி செய்தது பதினாயிரம் தாலந்து. ஒரு தாலந்து சுமார் 6,000 வெள்ளிப்பணம், ஒரு வெள்ளிப்பணம் ஒரு நாள் கூலி என்று கணக்குப் போட்டால், ஆறு கோடி நாள் கூலி. அந்த நஷ்டம் காற்றில் கரையவில்லை. ராஜாவின் கஜானாவில் விழுந்தது. மன்னிக்கிறவரே நஷ்டத்தை ஏற்கிறார். தேவன் கிறிஸ்துவுக்குள் உலகத்தைத் தமக்கு ஒப்புரவாக்கினார் என்று பவுல் எழுதுவதை நான் அப்படித்தான் வாசிக்கிறேன். சிலுவையில் இருப்பவர் மூன்றாம் மனிதர் அல்ல, கடன் கொடுத்தவரே. அதே உவமையில் அந்த வேலைக்காரனிடம் உடன்வேலைக்காரன் பட்டிருந்த நூறு வெள்ளிப்பணமும் அற்பக் கடன் இல்லை. நூறு நாள் உழைப்பு. நமக்கு ஒருவர் செய்த தீங்கை ஒன்றுமில்லை என்று ஆண்டவர் சொல்லவில்லை.

இயேசுவின் பக்கத்தில் சிலுவையில் தொங்கி, கடைசி நிமிடத்தில் மனந்திரும்பிய கள்ளனைக் காட்டி, வாழ்நாளெல்லாம் எதுவும் செய்யலாம் போலிருக்கிறதே என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அந்த மனிதன் "நாம் நடப்பித்தவைகளுக்குத்தக்க பலனை அடைகிறோம்" என்றான். தன்னை இறக்கிவிடும்படி கேட்கவில்லை. ஆண்டவர் அவனுக்குப் பரதீசைக் கொடுத்தார், சிலுவையிலிருந்து இறக்கவில்லை. தண்டனைக்குத் தப்பும் வழியாக அவனைக் காட்டுகிற யாரும் அந்த வசனத்தை முழுதாக வாசிக்கவில்லை.

ஆதாமின் பாவம் பிறப்பிலேயே எல்லோர்மேலும் வருகிறது என்கிற ஜென்ம பாவப் போதனையைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. தகப்பனுடைய அக்கிரமத்தைக் குமாரன் சுமப்பதில்லை என்று எசேக்கியேல் 18 சொல்லும்போது, பிறந்த குழந்தையின்மேல் ஆதாமின் குற்றத்தைச் சுமத்திப் பேச எனக்கு மனம் வருவதில்லை. கீழைத் (ஆர்த்தடாக்ஸ்) திருச்சபைகளும், ஆதாமிடமிருந்து நமக்கு வந்தது மரணமும் சீர்கேடும்தான், அவனுடைய குற்றப்பழி வரவில்லை என்றே பொதுவாகப் போதிக்கின்றன. விரும்பாத தீமையையே செய்கிறேன் என்று பவுல் புலம்புவதை மட்டும் யாரும் எனக்கு நிரூபிக்க வேண்டியதில்லை.

நான் கேட்பது இவ்வளவுதான். பாவ அறிக்கை செய்து உங்களிடம் வருகிறவரிடம், யாருக்கு என்ன செய்தீர்கள், அதைச் சரிசெய்ய என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேளுங்கள். கத்தோலிக்கப் போதனை, திருடியதைத் திருப்பிக் கொடுக்கவும் கெடுத்த பெயரை மீட்கவும் இன்றும் கேட்கிறது. மற்ற சபைகள் ஏன் அதை விட்டுவிட்டன? குற்றம் சட்டத்துக்கு உட்பட்டதானால் காவல் நிலையத்துக்கு அவரோடு கூடப் போங்கள். அடிபட்டவரிடம் முதல் சந்திப்பிலேயே மன்னிப்பைப் பற்றிப் பேசாதீர்கள். நடந்ததை முழுதாகக் கேளுங்கள், நடந்தது அநியாயம் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். திருவிருந்து ஞாயிறுகளில் அப்பத்தைப் பிட்குமுன், காணிக்கையை வைத்துவிட்டுப் போய் ஒப்புரவாகச் சொல்லும் மத்தேயு 5:23ஐயும் 24ஐயும் சத்தமாக வாசித்துவிட்டு, சற்று நேரம் காத்திருங்கள். யாராவது எழுந்து வெளியே போனால் தடுக்காதீர்கள். அவர் திரும்பி வரும்போது அவருக்குரிய பங்கை எடுத்து வைத்திருங்கள்.

கிறிஸ்துவுக்குள்,
உங்கள் பிரசங்கங்களைக் கேட்டு வளர்ந்த ஒரு சபை அங்கத்தினர்