அப்பா வைத்த பெயர்கள் அழியாமல் கிடைத்தன: ஒரு நன்றி மடல்

மாடி வீட்டு அக்காவுக்கும் அவர் மகனுக்கும், ரிச்சி தெரு அண்ணனுக்கும், என் அலுவலகத் தோழிக்கும், அன்று என்னை ஏற்றிச்சென்ற ஆட்டோ ஓட்டுநருக்கும், சித்திக்கும் வணக்கம்.

உங்களில் சிலருக்கு நேரிலேயே நன்றி சொல்லிவிட்டேன். சிலரிடம் அன்றிருந்த பதற்றத்தில் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. ஆட்டோ ஓட்டுநரின் பெயரைக்கூடக் கேட்டு வைக்கவில்லை. அதனால்தான் எல்லோரும் பார்க்கும்படி இதை எழுதுகிறேன்.

நீங்கள் காப்பாற்றிக் கொடுத்தது என்ன என்பது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

என் அப்பா அரசு அலுவலகத்தில் தட்டச்சர். தமிழ்த் தட்டச்சில் ஹையர் பாஸ் செய்தவர். 2010-இல் ஓய்வு பெற்றதும் வந்த பணத்தில் ஒரு லேப்டாப்பும் ஸ்கேனரும் வாங்கினார். அடுத்த மூன்று வருஷம் காலைச் சாப்பாடு முடிந்ததும் ஹாலில் உட்கார்ந்து, வீட்டிலிருந்த ஆல்பங்களைப் பிரித்து ஒவ்வொரு படமாக ஸ்கேன் செய்தார். தாத்தா காலத்துக் கறுப்பு வெள்ளைப் படங்கள் முதல் என் காலேஜ் டூர் படங்கள் வரைக்கும் எதையும் விடவில்லை. ஸ்கேன் செய்ததோடு நிற்கவும் இல்லை. கணினியில் தமிழில் தட்டச்சு செய்ய உதவும் இ-கலப்பை மென்பொருளைப் போட்டுக்கொண்டு, தனக்குப் பழகிய பழைய தட்டச்சு முறையிலேயே ஒவ்வொரு படத்துக்கும் தமிழில் பெயர் வைத்தார். பெயர் என்றால் ஒன்றிரண்டு சொல் இல்லை. ‘1981 மாசி, வைத்தீஸ்வரன் கோயில், பாப்பாவுக்கு முடி இறக்கியது, மடியில் வைத்திருப்பது பெரிய அத்தை, குடை பிடித்திருப்பவர் அத்தையின் மாமனார்’. இதுதான் ஒரு பைலின் பெயர்! இப்படி ஆறாயிரத்துக்கும் மேல்.

2015 டிசம்பர் 1 ராத்திரி, சென்னை வெள்ளத்தில், அடையாற்றுத் தண்ணீர் ஜாபர்கான்பேட்டைக்குள் வந்தது. எங்கள் வீடு தரைத்தளம். ஆல்பங்கள் பீரோவின் கீழ்த்தட்டில் இருந்தன. தண்ணீர் வடிந்து நாங்கள் திரும்பி வந்தபோது ஆல்பம் ஒவ்வொன்றும் செங்கல் மாதிரி கனத்தது. படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன. அப்பா அவற்றை வாளித் தண்ணீரில் போட்டுப் பிரித்துப் பார்த்தார். படத்தின் மேல் பூச்சு ஜெலட்டின். ஊறினால் வழுவழுவென்று ஆகிவிடும். அவர் விரல் பட்ட இடத்திலெல்லாம் முகங்கள் வழித்துக்கொண்டு வந்தன. ஒரு படத்தை மொட்டை மாடியில் காயப்போட்டுவிட்டுக் கையைப் பார்த்துக்கொண்டே நின்றார். அவருடைய கட்டைவிரலில் பழுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. அது அவருடைய கல்யாணப் படம்.

லேப்டாப் பரணில் இருந்ததால் தப்பியது. அதற்குப் பிறகு எங்கள் குடும்பத்துக்கு இருந்த ஒரே ஆல்பம் அதுதான். அதை வேறெங்கும் காப்பி எடுத்து வைக்காமல் இருந்தது என் தவறு. அப்பாவும் 2021-இல் போய்விட்டார். பாஸ்வேர்டு தெரிந்திருந்தும் அதைத் திறக்க எனக்கு மனம் வரவில்லை.

கடந்த ஆடியில், திதிக்கு முன்னால், பெரிதாக்கி மாட்ட ஒரு நல்ல படம் வேண்டும் என்று அம்மா கேட்டார். லேப்டாப்பை எடுத்து ஆன் செய்தேன். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் வந்தன. ஹார்ட் டிஸ்க்கைச் சரிபார்க்கிறேன் என்று விண்டோஸ் தானாகவே ஆரம்பித்தது. இரண்டு மணி நேரம் கழித்தும் 11 சதவீதத்திலேயே நின்றது. தெரிந்த ஒரு கடைக்குப் போன் செய்தேன். ‘டேட்டா எல்லாம் போயிருக்கும், புது டிஸ்க் போட்டுத் தரேன்’ என்றார்கள். இன்னோர் இடத்தில், பார்க்காமலே முப்பதாயிரம் ஆகும் என்றார்கள். அம்மா ஒன்றும் பேசாமல் பூஜை அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அக்கா, அந்த நேரத்தில் நீங்கள் கறிவேப்பிலை கேட்டு இறங்கி வந்தீர்கள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒரு கேள்வியும் கேட்காமல், படித்துக்கொண்டிருந்த உங்கள் மகனைக் கூப்பிட்டீர்கள். மறுநாள் அவனுக்கு செமஸ்டர் தேர்வு என்று அப்புறம்தான் எனக்குத் தெரிந்தது.

தம்பி, நீ வந்து திரையைப் பார்த்ததும் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்துவிட்டாய். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ‘ஆன்ட்டி, இது பழுதான டிஸ்க். சரிபார்க்கிறேன்னு சொல்லி இது டிஸ்க்லயே எழுதும். எந்தப் படம் எங்க இருக்கு, அதுக்கு என்ன பேருன்னு ஒரு அட்டவணை இருக்கு. அதுல சேதமான வரிகளைத் தூக்கிட்டாலும் தூக்கிடும். இனிமே ஆன் பண்ணவே பண்ணாதீங்க’ என்றாய். அந்த ஒரு நிமிஷத்தில் நீ செய்ததுதான் பிறகு நடந்த எல்லாவற்றுக்கும் வழி விட்டது. சிந்தாதிரிப்பேட்டையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில், டிஸ்க்கிலிருந்து டேட்டாவை மீட்டுத் தரும் அந்த அண்ணனிடம் போகச் சொன்னதும் நீதான். பை ஆடக் கூடாது, மடியில் வைத்துக்கொண்டு போங்கள் என்று சொல்லி அனுப்பினாய்.

அதை அப்படியே ஆட்டோ ஓட்டுநரிடம் சொன்னேன். காசி தியேட்டர் பக்கத்தில் ஏறினேன். கோடம்பாக்கத்தில் மெட்ரோ வேலைக்காகத் தோண்டிப் போட்ட சாலையில் பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார்கள். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒவ்வொரு பள்ளத்துக்கும் வண்டியை நிறுத்தாத குறையாக இறக்கி ஏற்றினார். ‘உள்ள கொழந்த மாதிரி ஏதோ இருக்கு போல’ என்றார். அப்பாவின் படங்கள் என்றேன். அதற்குப் பிறகு இறங்கும் வரை அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அண்ணா, இதை நீங்கள் படிப்பீர்களா தெரியாது. உங்களுக்கு என் நன்றி.

ரிச்சி தெருவுக்குப் போனவர்களுக்குத் தெரியும், அங்கே ஒருவர் நின்று பேச இடம் கிடைப்பதே கஷ்டம். அண்ணா, உங்கள் கடையும் இரண்டு ஆள் உட்காரும் அகலம்தான். அதிலும் எனக்கு ஒரு ஸ்டூலைப் போட்டு, என் கண் முன்னால்தான் டிஸ்க்கைக் கழற்றினீர்கள். உள்ளங்கைக்குள் அடங்கும் அந்தப் பெட்டியைக் காதோரம் வைத்து, ஒரு முறை மட்டும் மின்சாரம் கொடுத்துக் கேட்டீர்கள். ‘டிக் டிக்னு சத்தம் வந்திருந்தா நான் தொட்டிருக்க மாட்டேன் அக்கா. அது டிஸ்க்கைப் படிக்கிற ஹெட் கெட்டுப்போன கேஸ். தூசியே இல்லாத கிளீன் ரூம்லதான் பிரிக்கணும், நம்ம கடையில ஆகாது. இது சுத்துது, ஆனா சில இடத்தைப் படிக்க முடியல’ என்றீர்கள். முடியும், முடியாது இரண்டையும் மறைக்காமல் சொன்ன முதல் ஆள் நீங்கள். அதைக் கேட்டதும் பாதி பயம் போனது.

டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைத்துக்கொள்ளும் என்று ஒரு பட்டியலைக் காட்டினீர்கள். படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டார்கள், அதாவது டிஸ்க்கில் தகவல் சேமிக்கும் சின்னச் சின்னப் பகுதிகள், நூற்றுக்கணக்கில் இருந்தன. அப்போது நீங்கள் கேட்ட கேள்வியை நான் மறக்க மாட்டேன்: ‘படம் மட்டும் போதுமா, பேரும் வேணுமா?’

படங்களை மட்டும் தேடி அள்ளும் மென்பொருள் உண்டு, அது டிஸ்க்கில் ஜேபெக் படம் தொடங்கும் அடையாளத்தைப் பார்த்துப் பார்த்து எடுக்கும், ஆனால் பெயர் எதுவும் வராது, ஆறாயிரம் படமும் எழுத்தும் எண்ணுமாக வந்து குவியும் என்று விளக்கினீர்கள். பெயர் வேண்டுமானால் முழு டிஸ்க்கையும் செக்டார் செக்டாராக வேறொரு டிஸ்க்குக்கு நகல் எடுக்க வேண்டும், இரண்டு நாள் மூன்று நாள் ஆகலாம், பழைய டிஸ்க் நடுவில் உயிரை விட்டாலும் விடலாம் என்றும் சொன்னீர்கள். எனக்குப் பெயர்கள் வேண்டும் என்றேன். பெயர் இல்லாவிட்டால் அந்தக் குடை பிடித்தவர் யார் என்று சொல்ல எங்கள் வீட்டில் இன்று ஆளில்லை.

நகல் எடுக்கப் பெரிய டிஸ்க் வேண்டுமே. அலுவலகத் தோழியிடம் போனில் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள், தன் ஒரு டெராபைட் டிஸ்க்கைக் காலி செய்ய ஆரம்பித்துவிட்டாள். அன்று மாலையே சிந்தாதிரிப்பேட்டைக்கு வந்து கையில் கொடுத்தாள். அதில் இருந்த தன் பிள்ளையின் படங்களை எங்கே மாற்றினாய் என்று நான் கேட்கக்கூடத் தோன்றவில்லை. மன்னித்துக்கொள்ளடி.

அண்ணன் பயன்படுத்தியது டிடிரெஸ்க்யூ என்ற கட்டற்ற மென்பொருள். யார் வேண்டுமானாலும் காசில்லாமல் எடுத்துப் பயன்படுத்தலாம். அதை எழுதிய அந்தோனியோ டியாஸ் டியாஸ் என்பவருக்கும் இந்த மடலில் நன்றி சொல்ல வேண்டும். அது எப்படி வேலை செய்கிறது என்று அண்ணன் சொன்னார்: ‘வீடு பத்திக்கிச்சுன்னா மொதல்ல கைக்கு எட்டுறத வெளிய எடுப்போம் இல்லையா? பீரோவ உடைக்கிறதெல்லாம் அப்புறம். இதுவும் அப்படித்தான். சுலபமா வர்றத எல்லாம் எடுத்துட்டு, மக்கர் பண்ற இடத்துக்குக் கடைசியா திரும்பி வரும்.’ எதைப் படித்தோம், எது பாக்கி என்று அது ஒரு தனிக் குறிப்பும் எழுதிக்கொண்டே போகும். இரண்டாம் நாள் அந்தத் தெருவில் கரண்ட் போனது. எனக்குப் போனில் கேட்டதும் கால் தளர்ந்துவிட்டது. கரண்ட் வந்ததும் அந்தக் குறிப்பைப் பார்த்து, விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்தது. டிஸ்க் சூடாகக் கூடாது என்று தன் டேபிள் பேனை அதன் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, சென்னை வெயிலில் மூன்று நாள் வியர்த்துக்கொண்டு வேலை செய்திருக்கிறார். பக்கத்துக் கடைப் பையன்தான் எனக்கு இதைச் சொன்னான்.

320 ஜிபி டிஸ்க்கில் கடைசிவரை படிக்க முடியாமல் போனது 46 எம்பி. அவ்வளவுதான்.

அண்ணா, நான் வரும்வரை போல்டரைத் திறக்காமல் வைத்திருந்தீர்கள். ‘உங்க வீட்டுப் படம், நீங்களே திறங்க’ என்று மவுஸை என் பக்கம் நகர்த்தினீர்கள். திறந்தேன். திரை முழுக்கத் தமிழ். ஒவ்வொரு வரியும் அப்பா பேசுவது போலவே இருந்தது.

அதோடு விட்டிருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் வேறு டிஸ்க்குக்கு மாற்றும்போது நாற்பது, ஐம்பது படங்கள் விடுபட்டுப் போனதைக் கவனித்தவரும் நீங்கள்தான். அப்பா வைத்த பெயர்கள் அவ்வளவு நீளம். போல்டர்களின் பெயரையும் சேர்த்து மொத்தம் 260 எழுத்தைத் தாண்டினால் விண்டோஸ் முரண்டு பிடிக்குமாம். பெயரைச் சுருக்கட்டுமா என்று கேட்டுவிட்டு, என் முகத்தைப் பார்த்து, ‘வேணாம், போல்டரை மேல கொண்டாந்துடலாம்’ என்றீர்கள். ஒரு எழுத்தும் குறையவில்லை.

ஒன்பது படங்கள் சேதத்தோடு வந்தன. அதில் ஒன்று பாட்டி என்னைக் கையில் ஏந்தியிருக்கும் படம். பாட்டியின் முகம், மூக்குத்தி, தோளில் புடவைக் கரை வரை தெளிவாக இருக்கிறது. அதற்குக் கீழே எல்லாம் ஒரே சாம்பல் நிறம். நான் அந்தச் சாம்பலுக்குள் இருக்கிறேன். ஆனால் பாட்டி குனிந்து பார்த்துச் சிரிப்பது தெரிகிறது. அதுவே எனக்குப் போதும். அதையும் பிரிண்ட் போட்டு வைத்திருக்கிறேன்.

ஸ்கேன் எல்லாம் சேர்த்து 12 ஜிபிதான். கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜிபியில் ஒரு தொகுப்பை ஏற்றிவிட்டேன். ஒன்று வீட்டில், ஒன்று கோயம்புத்தூரில் என் கூடப்பிறந்த தம்பியிடம். தோழிக்கு அவளுடைய டிஸ்க்கைத் திருப்பிக் கொடுத்தாயிற்று.

சித்தி, நீங்கள் கும்பகோணத்திலிருந்து பஸ் பிடித்து வந்து, கண் ஆபரேஷன் ஆகி ஒரு மாதம்கூட ஆகாத நிலையில் இரண்டு நாள் டிவி திரையில் படம் பார்த்தீர்கள். அப்பா ‘தெரியவில்லை’ என்று எழுதியிருந்த பதினோரு படங்களில் ஆறு பேரை நீங்கள் சொல்லிவிட்டீர்கள்.

ஏழாவதை அம்மா சொன்னார். பைலின் பெயர்: ‘1976, எழும்பூர் ஸ்டேஷன், கும்பகோணம் கிளம்பும்போது. இடது ஓரம் நிற்பவர் யார்? இவளிடம் கேட்க வேண்டும்.’ அப்பா கேட்கவே இல்லை போலிருக்கிறது. அம்மா டிவிக்குப் பக்கத்தில் போய் நின்று பார்த்தார். ‘போர்ட்டர்டி. அவ்வளவு சாமானையும் தூக்கி ஏத்திட்டு, பேசின காசுக்கு மேல வாங்க மாட்டேன்னுட்டார். நான்தான் நீங்களும் வந்து நில்லுங்கன்னு கூப்பிட்டேன்’ என்றார்.

அப்பாவின் எழுத்தை அழிக்காமல், அதற்குப் பின்னால் அதையும் சேர்த்து எழுதிவிட்டேன்.

நன்றியுடன்,
ஜாபர்கான்பேட்டையிலிருந்து, அம்மாவும் நானும்